மரபு பேண் அணியின் பிரைமரியும் ரஜனியின் கேள்வியும்

ஒரு தலைவர் தேர்தலில் எந்தப் பிரிவு எந்த வேட்பாளருக்குப் பின்னால் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வது பெரிய வித்தை. அமெரிக்காவில் இதற்கென்றே சம்பளம் வாங்கி, கழுத்துப்பட்டி கட்டி, தொலைக்காட்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் அதே வேலையைச் சம்பளமும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் செய்தவர் திருவாளர் ஸ்ரீதரன். இலந்தைவளவு மக்கள் ஒன்றியத்தின் லண்டன் கிளைக்கு அவர் செயலாளர். தொழில், குளியலறை பொருத்துவது. தென் லண்டனில் அவர் கைபடாத குளியலறைக் கதவு குறைவு.

ஆனால் இது அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அல்ல. அப்படி ஒன்றை அவரே எழுதி, ஒன்றியத்தின் ஆண்டு மலரில் வண்ணப் படத்துடன் இரண்டு முறை வெளியிட்டுவிட்டார். இது அவருடைய எந்தக் கணக்கிலும் இடம்பெறாத அவருடைய தங்கை ரஜனியைப் பற்றியது.

ரஜனிக்கு ஐம்பத்தைந்து வயது. ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கத்தில் இருக்கும் தபால் கவுண்டரில் பார்சல் நிறுக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் வருகிறவர்கள் எல்லாரும் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். கண்ணாடி தடிப்பானது. அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் கோபம் அவர்களுக்குக் கேட்பதில்லை.

பிறந்தது இலந்தைவளவில். ஊரை நினைத்து ஏங்கி அழுகிற ஆள் இல்லை. அங்கே நுளம்புக்கடி அதிகம் என்பதுதான் ஊரைப்பற்றி அவருடைய நிரந்தரமான கருத்து. சண்டைக் காலத்தில் அண்ணன் ஸ்ரீதரன் ஜெர்மனிக்குக் கூப்பிட்டார். டோர்ட்முண்ட் நகரில் ஒரு மண்டபத்தில், ஒரே நாளில், ஒரே ஐயரை வைத்து, ஒரே சாப்பாட்டுச் செலவில் மாற்றுக் கலியாணம் நடந்தது. பனிச்சங்காட்டைச் சேர்ந்த இராசரத்தினம் ரஜனியைக் கட்டினார். இராசரத்தினத்தின் தங்கை செல்வமலரை ஸ்ரீதரன் கட்டினார். அண்ணன்மார் இருவரும் தங்கைகளை மாற்றிக்கொண்டு கைகுலுக்கினார்கள். பிறகு பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கவேண்டும் என்று இரண்டு குடும்பமும் லண்டனுக்கு மாறி, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியேறின.

லண்டன் வந்த பிறகுதான் அந்தக் கைகுலுக்கலில் இன்னொன்றும் கைமாறியிருப்பது தெரிந்தது.

இலந்தைவளவு ஒன்றியத்தின் சட்டப்புத்தகமான யாப்பில் நான்காம் விதி ஒன்று உண்டு. ஊரில் பிறந்த ஆண்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள் ஆகியோரே உறுப்பினர். ஊரில் பிறந்த பெண் வெளியூரில் கலியாணம் செய்தால் புருஷனுடைய ஊருக்குப் போய்விடுகிறாள். பனிச்சங்காட்டு ஒன்றியத்தின் யாப்பும் அச்சொட்டாக இதையே சொல்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியதால் எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் இருக்கிறது. ஆகவே இலந்தைவளவில் பிறந்து, அங்குள்ள முன்பள்ளியில் படித்த ரஜனி, பனிச்சங்காட்டு உறுப்பினர். பனிச்சங்காட்டை அவர் ஒரு தடவை கண்டிருக்கிறார், பேருந்தில், நித்திரையில். இலந்தைவளவை வரைபடத்தில்கூடத் தேடிப்பார்க்காத செல்வமலர் இலந்தைவளவின் முழு உரிமைக்காரி.

இதற்காகவெல்லாம் கோபிக்கிற ஆளா என்றால், ரஜனி நெடுங்காலம் கோபிக்கவில்லை. ஒன்றியத்தின் கூட்டங்களுக்கு ரோல்ஸ் பொரித்தார். விளையாட்டுப் போட்டியில் வாயில் கவ்வி ஓடத் தேசிக்காயும் கரண்டியும் கொண்டுபோனார். மண்டபத்தின் பூட்டுக்குத் திறப்பை வாங்கி வந்து, பூட்டித் திருப்பிக் கொடுத்தார். உறுப்பினர் அல்லாத ஒருவர் ஒரு அமைப்பை இத்தனை வருடம் தூக்கிப் பிடித்தது உலக வரலாற்றில் இருக்கலாம். இருந்தால் அதுவும் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருக்கும்.

கோபம் வந்தது போன வருடப் பொதுக்கூட்டத்தில்.

ஊர் முன்பள்ளிக்கு ஒன்றியம் ஒரு மலசலகூடம் கட்டிக் கொடுத்திருந்தது. திறப்புவிழாப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. நாடா, கத்தரிக்கோல், மாலை, ஒன்றியத்தின் புரவலரான போசகர், போசகரின் மனைவி, நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். ரஜனி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். நாடாவுக்குப் பின்னால் கதவு இல்லை. முன்பள்ளி ஆசிரியைக்குப் போன் எடுத்துக் கேட்டார். கல்லுப் பதித்ததோடு காசு முடிந்துவிட்டது என்றும், பெண் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றும், அந்த வீட்டு நாய்க்குப் பயந்த பிள்ளைகள் வீடு போகும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்றும் ஆசிரியை சொன்னார்.

பொதுக்கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தபோது ரஜனி ஒரு கையில் ரோல்ஸ் தட்டை வைத்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார்.

மேடையில் இருந்த செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். தங்கையை அவர் அதுவரை வாழ்நாளில் கூப்பிடாத ஒரு பெயரால் கூப்பிட்டார்.

"திருமதி இராசரத்தினம் அவர்கள் எங்களுக்கு அயலூர் விருந்தாளி. யாப்பின்படி விருந்தாளிகளுக்குக் கேள்வி நேரத்தில இடமில்லை. ரோல்ஸைக் கொண்டந்து இஞ்சால வையுங்கோ."

சபை சிரித்தது. கொடுமையான சிரிப்பு அல்ல, பசிச் சிரிப்பு. ரஜனி தட்டைக் கொண்டுபோய் வைத்தார். அன்றிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தான் பிறந்த ஊரின் ஒன்றியத்தில், பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிற உரிமை. நான்காம் விதியைத் திருத்தி, ஊரில் பிறந்த பெண்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் திருத்தத்தைப் பொதுக்கூட்டத்தில் எடுப்பதா குப்பையில் போடுவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் தலைவருக்கு. தலைவர் தேர்தல் இந்த வருடம்.

இளந்தாரிகள் சிலர் திருத்தத்துக்கு ஆதரவாக ஒரு மாற்ற அணி தொடங்கினார்கள். உடனே மரபு ஆபத்தில் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, மரபு பேண் அணி பிறந்தது. அதில் தலைவராகத் தகுதியுள்ளவர் யார் என்று கேட்டபோது இருவர் எழும்பினார்கள். ஒருவர் ஸ்ரீதரன். மற்றவர் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை வைத்திருக்கும் நித்தியானந்தன். பெண்கள் தாலி தெரிய உடுத்தினாலே பாதி மரபு காப்பாற்றப்பட்டுவிடும் என்பது நித்தியானந்தனின் கொள்கை. அவருடைய கடையில் தாலிக்கொடி நல்ல வடிவாகக் கிடைக்கும்.

இரண்டு பேரும் நின்றால் மரபின் வாக்குப் பிளந்துவிடும். இங்கேதான் ஸ்ரீதரனின் நித்திரையில்லா இரவுகள் உதவிக்கு வந்தன. அமெரிக்கத் தேர்தல் செய்திகளை அவர் ஒன்றுவிடாமல் பார்ப்பவர். "நாங்களும் ஒரு பிரைமரி வைப்பம்," என்றார். "எங்கடை அணிக்குள்ள ஆர் தேர்தல் கேட்கிறது எண்டு முதல்ல நாங்களே தெரிஞ்செடுப்பம். உலகத்திலை பெரிய ஜனநாயகம் அப்பிடித்தான் செய்யுது." உலகத்தின் பெரிய ஜனநாயகமே செய்யும்போது தோர்ண்டன் ஹீத் செய்யக்கூடாதா என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஸ்ரீதரன் வாக்காளர் பிரிவுகளை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வின் சாரத்தை இங்கே தராவிட்டால் வரலாறு மன்னிக்காது.

ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் அவர் பக்கம். அவர்கள் கூட்டம் தொடங்குமுன் வந்து, கதவு பூட்டியிருந்தால் வரிசையில் நிற்பவர்கள், ஒழுங்குக்கு வாக்களிப்பார்கள். பிரான்ஸில் இருந்து வந்தவர்கள் ஜெர்மனிக்காரர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போவார்கள். ஆகவே அவர்கள் நித்தியானந்தன் பக்கம். விம்பிள்டன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நிற்பவர்கள் யார் பெரிய மாலை போடுகிறாரோ அவருக்கு. காலையில் வாட்ஸ்அப்பில் ரோசாப்பூப் படம் அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் ஆதரவு, ஆனால் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். மிகப் பெரிய பிரிவு செத்தவீட்டுப் பிரிவு. ஸ்ரீதரன் இத்தனை வருடத்தில் ஒரு செத்தவீடு விட்டதில்லை. ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அந்தக் குடும்பங்கள் எல்லாம் நன்றியுடன் எழும்பிவரும் என்று அவர் எதிர்பார்த்தார். நித்தியானந்தனும் அதே செத்தவீடுகளில் மறுபக்கத்தில் நின்றவர் என்பதை அவர் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சரிக்குச் சரியாக வந்தது. அப்போதுதான் ஸ்ரீதரனுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. அதுவரை வீட்டுக்கு ஒரு வாக்கு. அதை வீட்டுக்கு இரண்டாக்கினால்? நித்தியானந்தனின் ஆட்களில் தாரமிழந்தவர்களும், பெண்சாதிமார் கனடாவில் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர்களும் அதிகம். தன்னுடைய ஆட்களுக்கு மனைவிமார் உண்டு, அவர்கள் வீட்டிலேயே உண்டு. மனைவிமாரை அவர் ஒரு பிரிவாகவே எடுக்கவில்லை. பெருக்கல் அடையாளமாக எடுத்தார்.

நித்தியானந்தனும் சம்மதித்தார். செய்கூலி குறைத்துக் கொடுத்த வளையல்கள் எல்லாம் தனக்கு வாக்களிக்கும் என்பது அவர் கணக்கு.

அந்த வாரம் ஸ்ரீதரன் தங்கை வீட்டுக்கு வந்தார். ரஜனி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் விதுஷா மடிக்கணினியில் ஏதோ வழக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, பிரைமரிக்கு ரோல்ஸ் வேணும். முந்தியைவிடக் கொஞ்சம் கூடப் போடு."

"ஆற்றை செலவு?"

"ஒன்றியத்தின்ரை செலவு. இன்னொரு விசயம். பொம்பிளையளோட நீ ஒருக்காக் கதைக்கவேணும். முதல் தரமா அவைக்கு வாக்குக் குடுத்திருக்கிறன் எல்லே. மண்டபத்துக்கு வரச் சொல்லு. புருஷன்மாரோட சேர்ந்து நிண்டாச் சரி."

"எனக்கு வாக்கு இருக்கோ அண்ணை?"

"உனக்குப் பனிச்சங்காட்டில இருக்கு."

"நான் கேட்டது இலந்தைவளவில."

ஸ்ரீதரன் பெருமூச்சு விட்டார். "உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? கலியாணம் கட்டினாப் பொம்பிளை அந்த ஊர். எங்கடை அம்மாவும் அப்பிடித்தான், அவவின்ரை அம்மாவும் அப்பிடித்தான். அவையள் கோவிச்சவையோ?"

"அவையைக் கேட்டனீங்களோ?"

விதுஷா கணினியை மூடினாள். "மாமா, திஸ் இஸ் சோ எம்பரசிங். அம்மா பிறந்த ஊர், அம்மாவுக்கு வோட் இல்லை. மாமிக்கு இருக்கு. மாமி ஒருநாளும் போகேல்லை."

"நீ சின்னப் பிள்ளை, உனக்கு இதெல்லாம் விளங்காது."

"நான் சொலிசிட்டர், மாமா."

"அதுதான் சொல்லுறன்."

ரஜனி கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் என்ன இருந்தது என்று ஸ்ரீதரன் பார்க்கவில்லை. வெங்காயம் வெட்டுகிற பெண்ணின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. "சரி அண்ணை," என்றார். "ரோல்ஸும் போடுறன். பொம்பிளையளோடயும் கதைக்கிறன்."

"இதுதான் என்ரை தங்கச்சி," என்று தலையைத் தடவிவிட்டு ஸ்ரீதரன் போனார்.

மறுநாள் ரஜனி செல்வமலரின் வீட்டுக் குசினியில் இருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் மச்சாள், இரண்டு வழியிலும். ரோல்ஸுக்கு மாவு கரைத்துக்கொண்டே ரஜனி அண்ணன் சொன்னதை எல்லாம் சொன்னார்.

"எனக்கு வாக்குக் கிடைச்சதை உங்கடை அண்ணை எனக்கு எப்பிடிச் சொன்னவர் தெரியுமோ மச்சாள்?" என்றார் செல்வமலர். "தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொல்லுறார், 'இனி எனக்கு ரெண்டு வாக்கு' எண்டு. எனக்கு ரெண்டு எண்டு! நான் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கோப்பையைக் கழுவி வைச்சன்." செல்வமலர் மாவைக் கொஞ்சம் ஓங்கி அடித்தார். "இலந்தைவளவு கிழக்கோ மேற்கோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் அங்கை என்னத்துக்கு வாக்குப் போட? என்ரை ஊர்ச் சங்கத்தில போய், அம்மா படிப்பிச்ச பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின்ரை பேரில ஒரு அலுமாரி புத்தகம் குடுக்கலாமோ எண்டு கேட்டன். 'நீர் இலந்தைவளவு, அங்கை போய்க் கேளும்' எண்டு எழும்பிச் சொன்ன ஆள் ஆர் தெரியுமோ?"

"ஆர்?"

"பனிச்சங்காட்டுச் சங்கத் தலைவர். உங்கடை மனுசன். என்ரை கூடப்பிறந்த அண்ணன்."

ரஜனி சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு இல்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில், அந்த மனிதனுக்குப் பிட்டு அவித்துக் கொடுத்திருக்கிறார். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னை இங்கே அண்ணன் துரத்திய அதே வசனத்தால் புருஷன் அங்கே தங்கையைத் துரத்தியிருக்கிறார். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள்.

"மச்சாள்," என்றார் ரஜனி, "அண்ணை வாக்குக் குடுத்த மற்றப் பொம்பிளையள் எல்லாம் எந்த ஊர்?"

செல்வமலர் யோசித்தார். ஒருத்தி சுழிபுரம். ஒருத்தி மட்டுவில். இருவர் தீவுப்பக்கம். ஒருத்தி வவுனியா. இலந்தைவளவு ஆண்கள் உள்ளூரில் பெண் எடுப்பது குறைவு; சீதனம் வெளியூரில் கூடுதல். ஆக, அத்தனை பேரும் வேறெங்கோ பிறந்து, அங்கே கதவு சாத்தப்பட்டு, இங்கே பெருக்கல் அடையாளமாக வந்து சேர்ந்தவர்கள். மரபைக் காப்பாற்ற ஸ்ரீதரன் திரட்டிய படை முழுவதையும் அந்த மரபுதான் வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தது.

"மா பதமாயிட்டுது," என்றார் செல்வமலர். "போனை எடுங்கோ."

பிரைமரி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், வாடகைக்கு எடுத்த சேர்ச் மண்டபத்தில் நடந்தது. தரையில் பட்மின்டன் கோடுகள் கிடந்தன. வாக்குச்சீட்டு வேண்டாம் என்று ஸ்ரீதரன் முன்பே தீர்மானித்திருந்தார். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் ஆதரவாளர்கள் மண்டபத்திலேயே பிரிந்து நின்று தலை எண்ணுவார்களாம். அதைப் படத்தில் பார்த்திருந்தார். சீட்டு என்றால் யார் என்ன எழுதினார் என்று தெரியாது. நின்றால் தெரியும். குறிப்பாக, மனைவி எங்கே நிற்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியும். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஸ்ரீதரன், வலப்பக்கம் நித்தியானந்தன். செயலாளர் மணி அடிக்கும்வரை யாரும் மாறி நிற்கலாம்.

முன்வரிசையில் நடுக்கதிரையில் இராசரத்தினம் பொன்னாடையுடன் இருந்தார். அவரும் அயலூர்க்காரர்தான். ஆனால் அவர் அயலூர்ப் பிரமுகர்; ஆகவே அவருக்கு வாழ்த்துரை உண்டு. மரபு என்பது கண்ணுக்குத் தெரியாத நூலில் தொங்குவதாகவும், அதை அறுந்துபோகாமல் பிடித்திருப்பவர்கள் தாய்மார் என்றும் அவர் பேசினார். அவருடைய பிள்ளைகளின் தாய் அப்போது குசினியில், பரிமாறும் யன்னலுக்குப் பின்னால், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்றார்.

"இப்ப எல்லாரும் அவரவர் பக்கம் போங்கோ!" என்றார் ஸ்ரீதரன்.

ஜெர்மனி இடப்பக்கம் போனது. அதைப் பார்த்துவிட்டுப் பிரான்ஸ் வலப்பக்கம் போனது. கோயில்காரர் சிலர் இங்கும் சிலர் அங்குமாக நின்றார்கள். செத்தவீட்டுக்காரர் இரண்டு வேட்பாளர்களையும் பார்த்துத் தலைகுனிந்து நின்றார்கள், பழக்க தோசம். பார்வைக்குச் சரிக்குச் சரி.

குசினிக் கதவு திறந்தது. செல்வமலர் முன்னால் வர, மனைவிமார் எல்லாரும் பின்னால் வந்தார்கள். ஸ்ரீதரன் கைகளை விரித்து வரவேற்றார். அவர்கள் நடுக்கோட்டில் வந்து நின்றார்கள்.

"இஞ்சாலை வாரும்," என்றார் ஸ்ரீதரன் மெல்லிய குரலில்.

"ஒரு கேள்வி இருக்கு," என்றார் செல்வமலர். "நான் உறுப்பினர்தானே? கேட்கலாம்தானே?"

"கேட்கலாம், பிறகு கேட்கலாம்…"

"ரஜனியின்ரை திருத்தத்தைப் பொதுக்கூட்டத்தில முதல் விசயமா எடுக்கிறது ஆர்? நீங்களோ, நித்தி அண்ணையோ?"

மரபு பேண் அணியின் கூட்டத்தில் மரபை உடைப்பது யார் என்று கேட்பது, இறைச்சிக் கடையில் போய்ச் சைவம் கேட்பது மாதிரி. ஸ்ரீதரன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். நித்தியானந்தன் சிரிக்கவில்லை. நகைக்கடைக்காரர். தட்டில் எவ்வளவு நிறை வந்து நிற்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரியும்.

"தாய்மாரின்ரை உணர்வை நான் எப்பவும் மதிக்கிறனான்," என்றார். "திருத்தத்தைக் கட்டாயம் பரிசீலிப்பம்."

செல்வமலர் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றார். ஸ்ரீதரனின் சொந்த மனைவி, ஸ்ரீதரனுக்கு எதிரே. பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

"நித்தி, இது துரோகம்!" என்றார் ஸ்ரீதரன்.

"நான் பரிசீலிப்பம் எண்டுதானே சொன்னனான். உபகுழு ஒண்டு போட்டு…"

"உபகுழுவோ?" என்றார் செல்வமலர். "வாங்கோ பிள்ளையள்." எல்லாரும் திரும்ப நடுக்கோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"சரி, உபகுழு இல்லை!" நித்தியானந்தன் குரல் உயர்ந்தது. "பொதுக்கூட்டத்தில எடுப்பம்!"

வலப்பக்கம்.

"நான் முதல் விசயமா எடுப்பன்!" என்றார் ஸ்ரீதரன்.

இடப்பக்கம்.

"நான் திருத்தத்தை ஆதரிச்சுப் பேசுவன்!"

வலப்பக்கம். மட்டுவில் பெண்ணுக்கு மூட்டுநோ; இடையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேலேயே இருந்துவிட்டார். இருபக்கத்துப் புருஷன்மாரும் வாய் திறந்தபடி கழுத்தை இங்கும் அங்கும் திருப்பினார்கள். கீழே கிடந்த பட்மின்டன் கோடுகளுக்குப் பொருத்தமாகவே இருந்தது. இரண்டு பழமைவாதிகள், பெண்களுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பது என்று தொண்டை கட்டக் கத்தினார்கள். காலங்காலமாகக் கொடுக்க முடியாமல் இருந்த ஒன்று, கொடுத்தால் சமுதாயமே சரிந்துவிடும் என்று ஆண்டு மலரில் எழுதப்பட்ட ஒன்று, ரோல்ஸ் ஆறுவதற்குள் ஏலத்தில் போனது. சரியென்றும் பிழையென்றும் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. தலை எண்ணிக்கை மாறியது, கொள்கை மாறியது. இவ்வளவுதான் இதன் பாரம் என்றால், இவ்வளவு காலம் ஏன் இதை இந்தப் பெண்களின் தலையில் ஏற்றி வைத்திருந்தீர்கள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கேட்கக்கூடியவருக்கு உரிமை இல்லை. அவர் யன்னலுக்குப் பின்னால் நின்று அடுப்பை நிறுத்தினார்.

கடைசியில் ஸ்ரீதரன் தன்னுடைய இறுதி ஆயுதத்தை எடுத்தார். அவர் இன்னும் செயலாளர். யாப்பு அவர் விரல் நுனியில்; விசேட பொதுக்கூட்டம் என்றால் எதை எடுப்பது என்று செயலாளரே தீர்மானிக்கலாம். "இஞ்சை தேவையான ஆக்கள் இருக்கினம். செயலாளர் எண்ட முறையில இதை விசேட பொதுக்கூட்டம் எண்டு அறிவிக்கிறன்! திருத்தத்துக்கு ஆதரவானவை கை உயர்த்துங்கோ!"

மனைவிமார் கை உயர்த்தினார்கள். மனைவிமாரைப் பார்த்துப் புருஷன்மார் உயர்த்தினார்கள். தான் மட்டும் உயர்த்தாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நித்தியானந்தனும் உயர்த்தினார். நான்காம் விதி செத்தது. அந்தச் செத்தவீட்டிலும் ஸ்ரீதரன் பக்கத்தில் நின்றார். மனைவிமார் இடப்பக்கம் வந்தார்கள்; மணி அடித்தது. மரபைக் காக்கும் வேட்பாளராக, அதை ஒழித்துக்கட்டிய கையோடு, திருவாளர் ஸ்ரீதரன் தெரிவானார்.

முன்வரிசையில் இராசரத்தினம் பொன்னாடையை மெதுவாகக் கழற்றி மடித்தார்.

"அண்ணை," என்று செல்வமலர் கூப்பிட்டார், "அடுத்த மாதம் உங்கடை சங்கத்துக்குக் கூட்டமாம். ரஜனி மச்சாளுக்கு அங்கை வாக்கு இருக்கெல்லே?"

இராசரத்தினம் ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். கடிக்கவில்லை.

ஸ்ரீதரன் வெற்றிக் களையுடன் பரிமாறும் யன்னல் பக்கம் திரும்பினார். "தங்கச்சி! வெளியால வா! நீயும் இனி எங்கடை ஆள். இலந்தைவளவின்ரை முதல் மகள்! வந்து ரெண்டு வார்த்தை பேசு. எல்லாரும் கைதட்டுங்கோ!"

கை தட்டினார்கள். ரஜனி ஏப்ரனைக் கழற்றாமல் வெளியே வந்தார். கையில் தட்டு இல்லை. மேடைக்கு ஏறவில்லை, நடுக்கோட்டில் நின்றார். யாரோ ஒலிவாங்கியை நீட்டினார்கள். அண்ணனுக்கு நன்றி சொல்வார், கண் கலங்குவார், படம் எடுக்கலாம் என்று பலர் போன்களைத் தூக்கினார்கள்.

"என்ரை பேர் ரஜனி," என்றார். "போன வருசம் கேட்க வந்த கேள்வி ஒண்டு நிக்குது. முன்பள்ளி மலசலகூடத்துக்குக் கதவு போட்டாச்சோ?"

கைதட்டல் ஓய்ந்தது. ஸ்ரீதரன் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் போசகரைப் பார்த்தார். போசகர் நித்தியானந்தனைப் பார்த்தார். நித்தியானந்தன் தரையில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு உப…" என்று யாரோ தொடங்கி, செல்வமலரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அண்ணை," என்றார் ரஜனி, "இந்தக் கிழமை நீங்கள் எங்கை வேலை?"

"சட்டன் பக்கம்… ஒரு பாத்ரூம்…" என்றார் ஸ்ரீதரன்.

"கதவு போட்டாச்சோ அங்கை?"

ரஜனி ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை. உறுப்பினர் அவர். கேள்வி நேரம் அது. ரோல்ஸ் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எடுக்க எழும்பவில்லை.